பித்தளைக் கொதிகலனில் ஒரு மயிரிழை விரிசல்

பெரிய இன்ஜின்களைப் போலவே சிறிய அளவில் செய்த பழைய நீராவி மாதிரி இன்ஜின்களைச் சேகரிப்பவர்கள் கூடும் இடத்தில் முதலில் எழும் கேள்வி "யார் செய்தது?" என்பதுதான். அதற்குப் பதிலாக ஒரு பெயர் கிடைத்துவிட்டால் விலை ஏறும், வாங்குபவரின் முகம் மலரும், இன்ஜினும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் அமரும். பெயர் கிடைக்காவிட்டால் அது அநாதையாகக் கருதப்படும். அந்த நிலையைத் தவிர்ப்பதற்காகவே பலர் அவசர அவசரமாக ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, பிறகு அந்தப் பெயருக்குப் பொருந்தும்படி இன்ஜினைப் பழுதுபார்க்கிறார்கள். வண்ணம் மாற்றப்படுகிறது, திருகுகள் மாற்றப்படுகின்றன, பொருந்தாத உறுப்புகள் கழற்றி எறியப்படுகின்றன. முதலில் பெயர், பிறகு பழுது, சான்று கடைசியில் என்ற இந்த வரிசை தவறு என்று எனக்கு வெகுகாலமாகவே ஓர் எண்ணம் உண்டு. சென்ற குளிர்காலத்தில் என் பட்டறை மேசைக்கு வந்த ஒரு பித்தளை இன்ஜின்தான் அந்த எண்ணத்தை எழுதியே ஆக வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் நான் வசிக்கும் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். அவருடைய குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்துவந்த பொருள் அது. ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான நீளம்; உருளை வடிவக் கொதிகலன்; முன்னால் உயரமான புகைபோக்கி; மேலே எடை வைத்த பாதுகாப்பு வால்வு; இரு பக்கமும் ஊசலாடும் சிலிண்டர்கள்; பின்னால் பெரிய சக்கரங்கள், முன்னால் சிறியவை. முன் இருசை ஒரு திருகைத் தளர்த்திச் சற்றே திருப்பி வைக்கலாம். அப்படி வைத்தால் இன்ஜின் தண்டவாளம் இல்லாமலேயே தரையில் வட்டமாக ஓடும். அடியில் பின்பக்கமாகச் செருகும் ஸ்பிரிட் விளக்கும் அதனுடன் இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தம் தந்தை அதை எடுத்துப் பளபளவென்று தேய்த்து வைப்பார் என்றும், ஆனால் அது ஓடிப் பார்த்ததாகத் தமக்கு நினைவில்லை என்றும் அவர் சொன்னார். ஒரு முறையாவது நீராவியில் ஓடிப் பார்க்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

கொதிகலனின் பின்முகத்தில் லண்டன் கடை ஒன்றின் சிறிய தகடு இருந்தது. விலை மதிப்பிடுபவர் ஒருவர் அந்தத் தகட்டைப் பார்த்தவுடன் அந்தக் கடையே இதைச் செய்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார். கொதிகலன் பழையது, அதைக் கழித்துவிட்டுப் புதியது செய்து போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்பதும் அவருடைய ஆலோசனை. எழுதிக் கொடுத்ததும் ஆலோசனையாகச் சொன்னதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தன.

கடைப் பெயரும் செய்த கையும்

இந்த வகை இன்ஜின்கள் ஏறத்தாழ 1840-கள் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரிட்டனில் செய்யப்பட்டன. ஓடும் வழியெல்லாம் தரையில் தண்ணீரும் எண்ணெயும் சொட்டிக்கொண்டே போகும் என்பதால் சேகரிப்பாளர்கள் இவற்றைப் பர்மிங்ஹாம் ட்ரிப்ளர் என்று அழைக்கிறார்கள். லண்டன் ஃப்ளீட் தெருவில் இருந்த நியூட்டன் அண்ட் கோ, ஆல்ட்கேட்டில் இருந்த ஸ்டீவன்ஸ் மாடல் டாக்யார்ட், கிளாஸ்கோவின் கிளைட் மாடல் டாக்யார்ட் போன்ற கடைகள் இவற்றை விற்றன. விற்ற கடைகளின் பெயர்கள் விளம்பரங்களிலும் விலைப்பட்டியல்களிலும் நிலைத்துவிட்டன. பித்தளையை வெட்டி, கடைந்து, பற்றவைத்த சிறு பட்டறைகளின் பெயர்களில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. பல இன்ஜின்களில் எந்தக் குறியும் இருக்காது. குறி இருந்தாலும் அது விற்றவருடைய குறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இது பித்தளைப் பொம்மைகளோடு முடிந்துபோன வழக்கமும் அல்ல. நார்தாம்ப்டனில் மாதிரி இன்ஜின்கள் விற்ற பாசெட்-லோக் 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மானிய உற்பத்தியாளர்களின் வேலைத்திறனைக் கண்டு வியந்து, நூரம்பெர்க்கின் பிங் நிறுவனத்திடம் ஆங்கில ரயில்வேக்களின் இன்ஜின்களை மாதிரியாகச் செய்து தரச் சொன்னார். வடிவமைப்பாளர் ஹென்றி கிரீன்லி வரைந்து கொடுக்க, நூரம்பெர்க்கில் செய்யப்பட்டு, நார்தாம்ப்டனில் விற்கப்பட்ட இன்ஜின்கள் இன்றும் ஏலங்களுக்கு வருகின்றன. ஆனால் அங்கே நமக்குத் துணை உண்டு. முதல் உலகப் போருக்கு முந்திய பிங் பொருள்களில் ஜி.பி.என். என்ற குறியும் போருக்குப் பிந்தியவற்றில் பி.டபிள்யூ. என்ற குறியும் காணப்படும். டி.ஆர்.ஜி.எம். என்று பொறித்திருந்தால் அது ஜெர்மனியில் சிறு கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் முறை வந்த 1891-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜெர்மனியில் செய்யப்பட்டது என்ற வாசகம் பிரிட்டனின் 1887-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தை ஒட்டிப் பரவியது. இப்படி ஒரு பக்கம் எல்லை கட்ட முடிகிறது. வண்ணத்தை மட்டும் நான் நம்புவதே இல்லை. 1923 ஜனவரியில் பிரிட்டிஷ் ரயில்வேக்கள் நான்கு பெரும் நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்ட பிறகு, வீட்டில் இருந்த பழைய இன்ஜின்களுக்குப் புதிய நிறுவனத்தின் நிறத்தை அடித்துக்கொண்டவர்கள் உண்டு. கருஞ்சிவப்பு நிறத்தை வைத்து ஆண்டு சொல்பவர் கடைசியாக வண்ணம் அடித்தவரின் ஆண்டைத்தான் சொல்கிறார்.

குறி இல்லாத பித்தளை இன்ஜினில் பார்க்க வேண்டியவை வேறு. திருகின் மரை, உலோகத் துண்டுகளை ஒட்ட உருக்கி விடும் பற்றாசு ஓடிய விதம், அரம் விட்ட கீறல், துளைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆகியவற்றில்தான் செய்தவரின் கை இருக்கிறது. ஆசிரியரின் இன்ஜினை நான் முதலில் கழற்றவே இல்லை. விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, லென்ஸ் கொண்டு ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இருசுத் தாங்கிகளும் சிலிண்டர்களைத் தாங்கும் கட்டையும் கொதிகலனோடு நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. தனிச் சட்டம் எதுவும் கிடையாது. அந்த இணைப்புகளில் பற்றாசு ஒரு மெல்லிய கோடாக, கூடுதல் குறைவு இல்லாமல் ஓடியிருந்தது. கடைத் தகட்டைச் சுற்றி மட்டும் அது தடித்துப் பரவியிருந்தது. தகட்டின் விளிம்பில், பொன்னிற அரக்கு மெருகைச் சுரண்டி எடுத்த கீறல்கள் தெரிந்தன. அதாவது, இன்ஜின் செய்து முடிந்து மெருகும் பூசிய பிறகு, வேறொரு கை மெருகைச் சுரண்டிவிட்டுத் தகட்டை ஒட்டியிருக்கிறது. தகட்டில் உள்ள பெயர் விற்றவருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

பாதுகாப்பு வால்வு இன்னொரு கதையைச் சொன்னது. அதன் மரை, சிறு திருகுகளுக்கான பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவோடு சரியாகப் பொருந்தியது. 6 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 1 மில்லிமீட்டர் புரி இடைவெளி என்று தொடங்கிப் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் அந்த அளவு வரிசை 1884-இல் ஏற்கப்பட்டது. மற்ற இணைப்புகளின் மரைகள் எந்த வரிசையிலும் அடங்கவில்லை. ஒவ்வொன்றும் தன் துளையில் மட்டுமே ஏறும். ஆகவே வால்வு பின்னால் மாற்றப்பட்டது, அதுவும் 1884-க்குப் பிறகு. சிலிண்டர்களைக் கழற்றியபோது அவற்றின் முகங்களில் ஊசிமுனை அளவில் அடித்த புள்ளிகள் இருந்தன: இடப்பக்கச் சிலிண்டரிலும் அது உரசும் கட்டையிலும் ஒரு புள்ளி, வலப்பக்கத்தில் இரண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பூட்டிவிடக் கூடாது என்று செய்தவர் தமக்காக இட்டுக்கொண்ட அடையாளம். உள்ளே இருப்பதால் எந்த வாங்குபவரும் பார்க்காத புள்ளிகள். விலைமதிப்புத் தாளில் எழுதியிருந்த கடைப் பெயரைவிட அவை எனக்கு நூறு மடங்கு பெரிதாகத் தெரிந்தன.

சுண்ணப்பொடியில் தெரிந்த கோடு

எடுத்த எடுப்பில் எந்தப் பழைய கொதிகலனிலும் நெருப்பு வைக்கக் கூடாது. இவை ஈயப் பற்றாசால் இணைக்கப்பட்டவை. மிக எளிதில் உருகக்கூடிய ஈய-வெள்ளீயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கவலை இல்லை. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில்கூட நீராவியின் வெப்பம் 121 டிகிரிதான், இணைப்புகளும் அந்த அளவிலேயே நின்றுவிடும். தண்ணீர் வற்றியதும் ஸ்பிரிட் சுடருக்கு அந்த 183-ஐத் தாண்டச் சில நொடிகள் போதும். பழைய இன்ஜின்களின் அடிப்பகுதியில் பற்றாசு கண்ணீர்த்துளியாக வழிந்து உறைந்திருந்தால், யாரோ ஒரு சிறுவன் தண்ணீரைக் கவனிக்காமல் விளையாடிக்கொண்டிருந்தான் என்று பொருள். ஆசிரியரின் இன்ஜினில் அப்படி எதுவும் இல்லை. இணைப்புகள் அத்தனையும் உறுதியாக இருந்தன.

கொதிகலனுக்கு முறையான சோதனை நீர் அழுத்தச் சோதனைதான். உள்ளே காற்று சிறிதும் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்த வேண்டும். தண்ணீர் சுருங்காது என்பதால் ஏதாவது விட்டுப்போனாலும் வெடிக்காது, ஒழுகும், அவ்வளவுதான். புதிய கொதிகலனை வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கும், பயன்பாட்டில் உள்ளதை ஒன்றரை மடங்குக்கும் சோதிப்பது பிரிட்டனில் மாதிரி இன்ஜின் செய்பவர்களின் நடைமுறை. ஆனால் நான் பம்பைத் தொடுவதற்கு முன்னால் மண்ணெண்ணெயையும் சுண்ணப்பொடியையும் கொண்டு ஒரு சோதனை செய்வேன். உலோகத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணப்பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே வந்து பொடியைக் கறுப்பாக்கும். பெரிய ரயில்வே பட்டறைகளில் இருசுகளில் விரிசல் பார்ப்பதற்கு எண்ணெயும் வெண்பொடியும் கொண்டு ஒரு காலத்தில் செய்த சோதனை இதுவேதான்.

பொடி தூவிய கொதிகலனை விளக்கின் கீழ் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்கள் எதுவும் இல்லை. பிறகு அடிப்பக்கத்தில், பின்முகத்துக்குச் சற்று முன்னால், நீளவாக்கில் ஒரு சாம்பல் நிறக் கோடு தோன்றியது. மயிரிழை போன்ற மெல்லிய கோடு. அது வளர்ந்துகொண்டே போய், இரண்டாகக் கிளைத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. புகைபோக்கிக்கு அருகில் மூன்றாவது. பொடியைத் துடைத்தால் பித்தளை மறுபடியும் மாசு மருவற்றதாகப் பளபளத்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இணைப்புகளைப் பற்றி இத்தனை கவலைப்பட்டதற்கு, இணைப்புகள் எல்லாம் நலமாக இருந்து கொதிகலனின் பித்தளையே விரிசல் விட்டிருந்தது.

இந்த நோய்க்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் சேமிப்பில் இருந்தபடியே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த உறைகளை, குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து தாக்கியிருந்தது. பருவம் பார்த்து வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் ஏற்பட்டது. காரணம் 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. குளிர்ந்த நிலையிலேயே உருட்டியோ இழுத்தோ வடிவம் கொடுத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. துத்தநாகம் அதிகமுள்ள அந்தப் பித்தளையை அம்மோனியா தொட்டால், இறுக்கம் இருக்கும் திசையைப் பார்த்து விரிசல் ஓடுகிறது. வடிவம் கொடுத்த பிறகு மிதமாகச் சூடுபடுத்தி இறுக்கத்தைத் தணித்துவிட்டால் இது வராது. இந்தச் சிறு கொதிகலனைச் செய்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பித்தளையைத் துலக்கும் பழைய மெருகுத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. ஆண்டுதோறும் அன்போடு தேய்த்துத் துடைத்துவைத்ததன் விளைவுதான் இது என்று நான் நம்புகிறேன். ஆசிரியரிடம் விரிசலைக் காட்டினேன்; காரணத்தைச் சொல்லும்போது அவர் தந்தையின் பெயரை நான் எடுக்கவில்லை. மெருகுத் திரவத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

புதிய கொதிகலன் ஏன் கூடாது

விரிசல் விட்ட கொதிகலனை நீராவிக்கு உட்படுத்த முடியாது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. அடுத்தது என்ன என்பதில்தான் எனக்கும் இந்தத் தொழிலில் என்னைவிட அனுபவம் மிக்க நண்பர் ஒருவருக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. செம்பில் புதிய கொதிகலன் செய்து, வெள்ளிப் பற்றாசு கொண்டு இணைத்து, பழையதை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடலாமே என்றார் அவர். பெரிய இன்ஜின்களுக்கு அப்படித்தானே செய்தார்கள், ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பிலும் கொதிகலன் மாறும், அதனால் இன்ஜின் வேறாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே என்பது அவர் வாதம்.

வாதத்தின் பாதியை நான் ஏற்கிறேன். தனிச் சட்டத்தின் மேல் அமர்த்தப்பட்டு, திருகுகளைக் கழற்றினால் தூக்கி எடுக்கக்கூடிய கொதிகலன் என்றால், உதாரணமாக 45 மில்லிமீட்டர் அகல கேஜ் 1 தண்டவாளத்தில் ஓடும் ஸ்பிரிட் இன்ஜின் ஒன்றில், நானே புதியது செய்து போட்டிருப்பேன். அந்த இன்ஜின்களை வடிவமைத்தவர்களே மாற்றிக்கொள்ளத் தக்கதாகத்தான் வைத்தார்கள். ஆசிரியரின் இன்ஜினில் கொதிகலனே முதுகெலும்பு. சக்கரமும் சிலிண்டரும் புகைபோக்கியும் அதன் உடலிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. அதை மாற்ற வேண்டுமானால் செய்தவர் இட்ட ஒவ்வோர் இணைப்பையும் உருக்கிப் பிரிக்க வேண்டும். பழைய ஈயத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே வெள்ளிப் பற்றாசு போடவும் முடியாது. மிச்சமிருக்கும் ஈயமும் வெள்ளீயமும் அந்தச் செந்தழல் வெப்பத்தில் பித்தளையையே அரித்துவிடும், புதிய பற்றும் பிடிக்காது. எனவே கடைசித் துளி ஈயம் வரை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். அந்த வேலை முடியும்போது, இந்த இன்ஜினை யார் செய்தார் என்று வருங்காலத்தில் ஒருவர் கண்டுபிடிக்க உதவும் சான்றுகளில் பெரும்பகுதி அரப்பொடியாகக் குப்பையில் கிடக்கும். தகட்டில் உள்ள கடைப் பெயர் மட்டும் மிஞ்சும். அது ஏற்கெனவே தவறான பெயர்.

1829-இல் செய்யப்பட்ட ஸ்டீவன்சன்களின் ராக்கெட் இன்ஜினை நினைத்துப் பாருங்கள். ரெயின்ஹில் ரயில் இன்ஜின் போட்டியில் வென்றபோது அதன் சிலிண்டர்கள் ஏறத்தாழ 38 டிகிரி கோணத்தில் சாய்ந்திருந்தன. பின்னர் வேலை பார்த்த காலத்தில் ஏறக்குறையக் கிடைமட்டமாக இறக்கப்பட்டன. எஞ்சியிருக்கும் இன்ஜின் அந்த மாற்றங்களோடுதான் இருக்கிறது. அதை 1829-இன் தோற்றத்துக்குத் திருப்பிவிடாமல் அப்படியே விட்டதால்தான், 1999-இல் மைக்கேல் பெய்லியும் ஜான் கிளிதெரோவும் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, துளைகளையும் வடுக்களையும் வைத்து அது பட்ட பாடுகளை வரிசையாகப் படிக்க முடிந்தது. ஒரு சிறு பித்தளைப் பொம்மைக்கும் அதே மரியாதை உண்டு என்று நான் கருதுகிறேன். அதற்கு வேறு ஆவணமே கிடையாது என்பதால் ஒருவேளை அதிக மரியாதையே தகும்.

ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. நீராவி இல்லாவிட்டாலும் சக்கரம் சுழல்வதைப் பார்க்க முடியுமா என்றுதான் கடைசியில் கேட்டார். முடியும். கொதிகலனுக்கும் சிலிண்டர்க் கட்டைக்கும் நடுவே ஒரு சிறு குழாய்த் திருகு இருந்தது. அதைக் கழற்றி உறையில் போட்டுவைத்துவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும்படி ஓர் இணைப்பை லேத்தில் கடைந்தேன். எந்த அளவு வரிசையிலும் சேராத அந்தப் பழைய மரைக்கு ஏற்ப என்னுடைய துண்டில்தான் புரி வெட்டினேன். இன்ஜினின் மரையில் கருவி படவில்லை. அதன் வழியாகக் காற்றைக் கொடுத்தால் அது கொதிகலனைத் தொடாமல் நேரே சிலிண்டருக்குப் போகும்.

சிலிண்டர் வேலை பொறுமையைக் கேட்டது. நீராவிப் பாதைகளில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் அது எளிதில் கரையும், ஆனால் அரக்கு மெருகும் சேர்ந்து கரைந்துவிடும். ஆகவே வெளிப்புறத்தில் படாமல் பஞ்சைக் கம்பியில் சுற்றித் துளைக்குள் மட்டும் செலுத்தினேன். ஊசலாடும் சிலிண்டரில் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் தன் அச்சில் ஆடும்போது அதன் முகத்தில் உள்ள துளை ஒரு பக்கம் நீராவி வரும் துளையையும் மறுபக்கம் கழிவு போகும் துளையையும் மாறி மாறிச் சந்திக்கிறது. முகங்கள் ஒன்றோடொன்று படிந்து அமர்ந்தால்தான் அது ஓடும். இடப்பக்க முகத்தில் ஓர் ஆழமான கீறல் இருந்தது. கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொடி பித்தளையில் பதிந்துகொண்டு மேலும் தேய்க்கும் என்பதால் அதைத் தவிர்த்து, மென்மையான மெருகுப் பொடியை எண்ணெயில் குழைத்து, தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் எட்டு வடிவில் தேய்த்தேன். உரசித் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட முகங்கள் அவை. அங்கே ஒரு மெல்லிய படலத்தை எடுப்பது செய்தவரும் எதிர்பார்த்த வேலைதான். புள்ளிகள் இருந்த மூலையை மட்டும் கூர்ந்து கவனித்துக்கொண்டேன். பிஸ்டனைச் சுற்றியிருந்த மக்கிய நூலை எடுத்துப் பெயரெழுதிய உறையில் வைத்துவிட்டுக் கிராஃபைட் தோய்ந்த புதிய நூலைச் சுற்றினேன். விளக்கின் திரி கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸாக) இருக்கலாம் என்ற ஐயத்தால் அதை ஈரப்படுத்தி, மூடிய பைக்குள் இட்டு, தொட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டுக்கும் குறைவான காற்றிலேயே இன்ஜின் மரக்கட்டைகளின் மேல் ஓடியது. முதலில் தயங்கி, விரலால் சக்கரத்தைத் தள்ளிவிட்டதும் ஒரே சீராக. ஆசிரியர் தம் பேத்தியை வரவழைத்துக் காட்டினார்.

இன்ஜினோடு ஒரு தாளும் எழுதிக் கொடுத்தேன். செய்தவர்: தெரியவில்லை. தகடு: விற்ற கடையுடையது, மெருகுக்குப் பின் ஒட்டப்பட்டது. பாதுகாப்பு வால்வு: 1884-க்குப் பிறகு மாற்றப்பட்டது. கொதிகலன்: விரிசல் விட்டது, எக்காரணம் கொண்டும் நெருப்பு வைக்கக் கூடாது, அம்மோனியா கலந்த மெருகு படக் கூடாது. நான் செய்த இணைப்பு இது, கழற்றும் முறை இது. பிறகு சிலிண்டர் அச்சிலிருந்து துளைகள் இருக்கும் தூரங்களின் அளவு. தெரியவில்லை என்று எழுதியதால் விலை குறையும் என்று நண்பர் சொன்னார். குறையட்டும் என்றார் ஆசிரியர்.

அந்த அளவுகளை நான் ஒரு குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். வசந்தகாலத்தில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் வேறோர் ஊர்க் கடையின் தகட்டோடு இருந்த இன்ஜின் ஒன்றைப் பார்த்தேன். புகைபோக்கியின் வடிவம் வேறு, சக்கரங்கள் வேறு. அவர் அனுமதியோடு சிலிண்டரைக் கழற்றி அளந்தபோது துளைகளின் தூரம் அப்படியே ஒத்துப்போனது. இடப்பக்கத்தில் ஒரு புள்ளி, வலப்பக்கத்தில் இரண்டு. இரண்டு கடைகளுக்கும் ஒரே பட்டறை செய்து கொடுத்திருக்கலாம். தகடே இல்லாத இன்ஜின் ஒன்றிலும் இதே அளவு கிடைத்தால் அந்த எண்ணம் வலுப்படும். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.